தருமபுரியின் நிலத்தடி நீர்: ஆழத்தில் தொடரும் விலக்கல்

தருமபுரி மாவட்டம் கெட்டிப்பாறை நிலம். இங்கு நீர் ஏரிபோல் மண்ணடியில் தேங்கிக் கிடப்பதில்லை. சிதைந்த பாறையின் மேலடுக்கிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. ஒருவர் தம் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றில் இரவுபகலாக இறைத்தால், அதே வெடிப்பை நம்பியிருக்கும் பக்கத்துத் திறந்த கிணறு வற்றிப்போகும். இயற்கை பொதுவில் வைத்திருக்கும் இந்த நீரைச் சட்டம் தனியுடைமையாகவே பார்க்கிறது.

1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம், நிலவுடைமையாளர் தம் எல்லைக்குள் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பு அதில் இல்லை. நிலமற்றவருக்கு நீரிலும் பங்கில்லை என்பதே இதன் நடைமுறைப் பொருள். பறிபோன பஞ்சமி நிலங்களைப் பற்றிப் பேசும் நாம், ஒவ்வொரு ஏக்கரோடும் அதனடியிலிருந்த நீரும் போயிற்று என்பதைப் போதிய அளவு பேசவில்லை. 1990 முதல் பம்புசெட்டுகளுக்கு வழங்கப்படும் இலவச மின்சாரமும் கிணறு உள்ளவரோடு நின்றுவிடுகிறது.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுக் கிணற்றிலோ குழாயிலோ தலித்துகள் நீரெடுப்பதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் சேரியின் கைப்பம்பு, அருகிலுள்ள தோட்டத்தின் ஆழ்துளைக் கிணற்றால் வற்றினால் யார்மீது புகார் கொடுப்பது? தடுத்தவர் என்று எவரும் இல்லை. தண்ணீர் மட்டும் இல்லை.

ஆழம் போகப்போக வேறொரு கேடும் சேர்கிறது. பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அது குடிக்கத் தகாதது. பல்லில் கறை, பின்னர் எலும்புத் தேய்வும் வளைவும். இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான், 2003இல் இயற்றப்பட்டும் நடைமுறைக்கே வராத தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நீக்கப்பட்டது. காவிரி நீர் குடத்தை நிரப்பலாம். ஆடுமாட்டுக்கும் அரை ஏக்கர் குத்தகைப் பயிருக்கும் நிலத்தடி நீரே வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் புதிய கிணறு தோண்டுவதை மகாராஷ்டிரம் 1993இலேயே சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அம்மாநிலத்தின் ஹிவரே பஜார் கிராமம் ஆண்டுதோறும் நீர்க் கணக்குப் போட்டுப் பயிரை முடிவுசெய்கிறது. தருமபுரியின் கிராம சபைகளிலும் அத்தகைய கணக்கு வைக்கப்பட வேண்டும். கிணறு இல்லாத குடும்பங்களும் அங்கே வாக்குரிமையோடு அமர வேண்டும். சேரியின் கைப்பம்புக்கான நீர் முதலில் ஒதுக்கப்பட்டு, மீதமே கரும்புக்கும் தக்காளிக்கும் பங்கிடப்பட வேண்டும்.