பெரிய கொம்பா? நீண்ட ஆயுளா?

கடல் நடுவே ஒரு தீவு. அங்கே மரம் கிடையாது. ஓநாய் கிடையாது. ஆடு மேய்ப்பவனும் கிடையாது. ஆனால், ஆடுகள் உண்டு!

அந்தத் தீவின் பெயர் ஹிர்ட்டா. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. அதில் பெரியது இதுதான். பெரியது என்றாலும் சுமார் 2½ சதுர மைல் பரப்புதான்.

ஒரு காலத்தில் அங்கே மக்கள் குடியிருந்தார்கள். கடல் பறவைகளைப் பிடித்தும், ஆடு வளர்த்தும் பிழைத்தார்கள். நாளடைவில் ஆட்கள் குறைந்தார்கள். பிழைப்பு நடத்த முடியவில்லை. 1930-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி, மிஞ்சியிருந்த 36 பேரும் கப்பல் ஏறிவிட்டார்கள்.

பக்கத்தில் சோய் என்று ஒரு சின்னத் தீவு. பழங்கால இனத்தைச் சேர்ந்த செம்மறி ஆடுகள் அங்கே இருந்தன. அவற்றில் 107 ஆடுகளைப் பிடித்து வந்து, 1932-ல் ஹிர்ட்டாவில் விட்டார்கள். அன்று முதல் அந்தப் புல்வெளி ஆடுகளின் ராஜ்யமாகிவிட்டது.

பாதிக்கு மேல் மடியும்

தீனி போட ஆள் இல்லை. மருந்து கொடுக்க ஆள் இல்லை. கறிக்கு வெட்டவும் ஆள் இல்லை.

கோடையில் புல் செழிக்கும். ஆடுகள் பெருகும். சில ஆண்டுகளில் கூட்டம் 2 ஆயிரத்தைத் தாண்டிவிடும். பிறகு குளிர்காலம் வரும். புயலும் மழையும் வாட்டும். புல் வளராது. கூட்டம் மிகுந்த ஆண்டில் குளிரும் கடுமையாக இருந்துவிட்டால், பாதிக்கு மேற்பட்ட ஆடுகள் பட்டினியால் மடியும்.

பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும். ஆனால், எந்த ஆடு சாகிறது? எந்த ஆடு பிழைக்கிறது? ஏன்? இதுதான் விஞ்ஞானிகளின் கேள்வி.

ஆட்டுக்கு ஜாதகம்

1985 முதல் அவர்கள் இந்த ஆடுகளை ஆண்டு தவறாமல் கவனித்து வருகிறார்கள். குட்டி பிறந்ததும் அதன் காதில் நம்பர் வில்லையை மாட்டுகிறார்கள். ஆகஸ்டு மாதம் ஆடுகளைப் பிடித்து எடை பார்க்கிறார்கள். கொம்பை அளக்கிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள். தகப்பன் எந்தக் கடா என்பதையும் சோதனையில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். செத்தால் அந்தக் கணக்கும் ஏறும்.

அதாவது, ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு ஜாதகம் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். இது நடந்த பிறகு எழுதிய ஜாதகம்!

கொம்பில் ஒரு புதிர்

சில கடாக்களுக்குக் கொம்பு பெரியது. சுருண்டு வளைந்து நிற்கும். சில கடாக்களுக்கோ வெறும் முளை போல இருக்கும்.

குளிர்காலம் தொடங்கும் சமயத்தில் ஆடுகள் இணை சேரும். கடாக்கள் முட்டி மோதும். பெரிய கொம்புக் கடாவுக்கே வெற்றி. அதற்கே குட்டிகளும் அதிகம்.

எந்தக் குணம் அதிகச் சந்ததியைத் தருகிறதோ, அந்தக் குணம் தலைமுறைக்குத் தலைமுறை பெருகும். இதைத்தான் ‘இயற்கைத் தேர்வு’ என்று சார்லஸ் டார்வின் 1859-ல் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கினார். அப்படியானால், சின்னக் கொம்பு என்றோ ஒழிந்திருக்க வேண்டுமே! ஏன் ஒழியவில்லை?

2013-ல் விடை கிடைத்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சூசன் ஜான்ஸ்டன், ஜோசபின் பெம்பர்டன் முதலியோர் அதை வெளியிட்டார்கள்.

உடம்பின் குணங்களைத் தாங்கி வருபவை மரபணுக்கள். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று அவை ஜோடியாக வரும். இந்த ஆடுகளில் கொம்பின் அளவைப் பெரும்பாலும் ஒரே மரபணுதான் தீர்மானிக்கிறது. அதில் ‘பெரிய’ வகை உண்டு. ‘சிறிய’ வகையும் உண்டு.

இரண்டும் ‘பெரிய’ வகையாக வாய்த்த கடாவுக்குக் குட்டிகள் அதிகம். ஆனால், ஆயுள் குறைவு. இரண்டும் ‘சிறிய’ வகையாக இருந்தால் ஆயுள் கூடுதல். ஆனால், குட்டிகள் குறைவு.

ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று கலந்து வாய்த்த கடாதான் அதிர்ஷ்டசாலி! கொம்பும் பெரியது. குட்டிகளும் உண்டு. குளிரையும் தாண்டிவிடும்.

இப்படிக் கலந்த கடாவும் கலந்த பெண் ஆடும் சேர்ந்தால் என்ன ஆகும்? சராசரியாக 4 குட்டிகளில் 2 கலப்பாக இருக்கும். ஒன்று முழுப் ‘பெரிய’ வகை. ஒன்று முழுச் ‘சிறிய’ வகை. ஆகவே, ஜெயித்த கடாவே சின்னக் கொம்பையும் சந்ததிக்குக் கொடுக்கிறது. புதிர் அவிழ்ந்தது!

எல்லாம் மரபா?

ஆனால், கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எல்லாம் மரபு மாற்றம் ஆகிவிடாது. 1985-ல் இருந்ததைவிட ஹிர்ட்டா ஆடுகள் சுமார் 5 சதவீதம் சிறுத்துவிட்டதாக 2009-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். காரணம் பெரும்பாலும் பருவநிலைதான். முன்பெல்லாம் நோஞ்சான் குட்டிகள் முதல் குளிரிலேயே செத்துவிடும். குளிர் தணிந்ததால் அவையும் பிழைத்தன.

அதே ஸ்காட்லாந்தில் ரம் என்று இன்னொரு தீவு. அங்கே செம்மான்களை இதேபோல் கணக்கெடுக்கிறார்கள். 1980-களிலிருந்து, 10 ஆண்டுக்கு ஏறக்குறைய 3 நாள் வீதம் அந்த மான்கள் முன்கூட்டியே குட்டி போட்டு வந்திருக்கின்றன. வெப்பம் கூடியது ஒரு காரணம். சீக்கிரம் குட்டி போடும் மரபுள்ள பெண் மான்கள் அதிகச் சந்ததியை விட்டுச் சென்றதும் ஒரு காரணம். 2019-ல் இது தெரியவந்தது.

பரிணாமம் என்றால், கோடி ஆண்டுக்கு முன் மண்ணுக்குள் போன எலும்பின் கதை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது நம் காலத்திலேயே, புல் மேயும் ஆட்டிலும் மானிலும் நடந்துகொண்டிருக்கிறது. பொறுமையாக எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அது தெரிகிறது.

முட்டி ஜெயிக்கப் பெரிய கொம்பு வேண்டும். ஆனால், அது மட்டும் போதாது. குளிரைத் தாண்டி, அடுத்த வசந்தத்தின் பசும்புல்லையும் பார்க்க வேண்டுமே!