கடிக்க மறுக்கும் காட்டேரி: அச்சத்தின் உருவம் காதலர் ஆனது எப்படி?

பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஓர் இளம்பெண் குடியேறுகிறாள். பகலில் அவளைக் காண முடிவதில்லை. இரவில் ஒரு காபிக் கடையில் வேலை செய்கிறாள். எதிர்வீட்டு இளைஞன் அவளிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவள் பல தலைமுறைகளைக் கண்ட யட்சி என்பதும், உயிர்வாழ அவளுக்கு இரத்தம் வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியாது. 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’ என்ற மலையாளத் திரைப்படத்தின் அடிப்படை இதுதான். டொமினிக் அருண் இயக்கத்தில் கல்யாணி பிரியதர்ஷனும் நஸ்லெனும் நடித்த இப்படம் உலக அளவில் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது.

இரண்டு மாதங்கள் கழியும் முன்பே, தீபாவளியையொட்டி அக்டோபர் 21 அன்று ‘தாமா’ என்ற இந்தித் திரைப்படம் வெளியானது. ஆயுஷ்மான் குரானா அதில் செய்தியாளர். ராஷ்மிகா மந்தனா வேதாள இனத்துப் பெண். 2023 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியான ‘டூத் பரி’ தொடர் கொல்கத்தாவில் நிகழ்கிறது. அதன் நாயகி ரூமி ஓர் இரத்தக் காட்டேரி. ஒருவரைக் கடிக்கும்போது கோரைப்பல் உடைந்துவிட, பல் மருத்துவரிடம் செல்கிறாள். கூச்ச சுபாவமுள்ள அந்த மருத்துவருக்கும் அவளுக்கும் காதல் மலர்கிறது.

பேய்க்கதைகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. ஆனால் பேருந்தும் காவல் நிலையமும் வாடகை வீடும் உள்ள இன்றைய நகரத்தின் நடுவே, தன் பசியை எண்ணித் தானே வருந்தும் ஓர் இரத்தக் காட்டேரியும் ஒரு சாதாரண மனிதரும் காதல் கொள்ளும் கதை, ‘நகர்ப்புற மாயப்புனைவு’ என்று மேலை நாடுகளில் தனிப் பிரிவாகவே வளர்ந்த ஒன்று. அதற்குப் பெங்களூருவை விடப் பொருத்தமான இந்திய நகரம் இருக்க முடியாது. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்து பகலெல்லாம் உறங்குவோர் நிறைந்த ஊரில், பகலில் வெளியே வராத பெண்ணை யார் ஐயுறுவார்?

கல்லறைகளில் தொடங்கிய கதை

தொடக்கத்தில் இதில் காதல் ஏதுமில்லை. இருந்தது நோயும் மரணமும்தான். 1725-ஆம் ஆண்டில், அன்று ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியிலிருந்த செர்பியக் கிராமம் ஒன்றில், எட்டு நாள்களில் ஒன்பது பேர் அடுத்தடுத்து இறந்தனர். சில வாரங்களுக்கு முன் இறந்த பீட்டர் பிளோகோஜோவிட்ஸ் என்ற விவசாயியே எழுந்துவந்து கொல்கிறார் என்று ஊரார் நம்பினர். கல்லறையைத் தோண்டியபோது உடல் அழுகாதிருந்தது. வாயில் இரத்தம் தெரிந்தது. மார்பில் கூர்மரத்தை இறக்கி உடலை எரித்தனர். அதை நேரில் கண்ட அரசு அலுவலரின் அறிக்கை வியன்னா நாளிதழில் அச்சாகி ஐரோப்பா முழுவதும் பரவியது.

உடல் சிதையும்போது உள்ளே உருவாகும் வாயுக்கள் வயிற்றை உப்பச் செய்து, கருஞ்சிவப்பான நீர்மத்தை வாய் வழியே வெளியே தள்ளும். தோல் சுருங்குவதால் நகம் வளர்ந்ததுபோல் தோன்றும். இன்றைய தடயவியல் மருத்துவர் எவருக்கும் இது வியப்பைத் தராது. அன்றைய மக்களுக்கு அது சான்றாகப் பட்டது.

1892-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நிகழ்ந்தது இன்னும் கொடியது. மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் காசநோயால் இறந்தார். அவருடைய தாயையும் தமக்கையையும் அந்நோய் முன்பே கொண்டுபோயிருந்தது. அண்ணன் எட்வின் படுக்கையில் இருந்தார். இறந்தவர்களில் ஒருவர் அவர் உயிரை உறிஞ்சுகிறார் என்று அயலார் வற்புறுத்த, மெர்சியின் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. கடுங்குளிரில் வைக்கப்பட்டிருந்த உடல் கெடாதிருந்தது. இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தனர். இரண்டு மாதங்களில் அவரும் இறந்தார். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

வருந்தத் தொடங்கிய வேட்டையாடி

கிராமத்துப் பிணத்தைப் பெருநகரக் கனவானாக மாற்றியவர் ஜான் பாலிடோரி. கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்த இவர் 1819-இல் வெளியிட்ட ‘தி வாம்பயர்’ கதையில், லண்டன் விருந்துகளில் வலம்வரும் பிரபு ஒருவனே இரத்தம் குடிப்பவன். அவன் ஒரு பெண்ணை மணம் முடித்து உடனே கொல்கிறான். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’வும் லண்டனில் வீடு வாங்கிக் குடியேற வருபவன்தான். ஆனால் பலர் நினைப்பதற்கு மாறாக, அந்த நாவலில் டிராகுலாவுக்கும் மீனாவுக்கும் இடையே காதல் கிடையாது. இறந்த மனைவியே மீனாவாகப் பிறந்திருக்கிறாள் என்ற இழையைக் கொப்போலாவின் 1992-ஆம் ஆண்டுத் திரைப்படம் பின்னாளில் சேர்த்தது. 1958-இலேயே ‘மதுமதி’யைக் கண்ட இந்திய ரசிகருக்கு அது பழகிய வழி.

இந்த உருவத்துக்கு மனச்சான்று வாய்த்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1967-இல் ‘டார்க் ஷேடோஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் பர்னபாஸ் காலின்ஸ் என்ற பாத்திரம் நுழைந்தது. தன் நிலையை எண்ணி நோகும் அந்தக் காட்டேரியைப் பார்வையாளர்கள் விரும்பத் தொடங்கினர். 1976-இல் ஆன் ரைஸ் எழுதிய ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ நாவலில் லூயி என்ற காட்டேரி, தான் பறித்த உயிர்களின் கணக்கைத் தானே ஓர் இளைஞனிடம் சொல்கிறான். ‘பஃபி’ தொடரின் ஏஞ்சல் இன்னும் ஒரு படி மேல். அவனுக்கு ஆன்மா திருப்பியளிக்கப்பட்டதே தண்டனையாகத்தான். ஒரு கணம் முழு மகிழ்ச்சியை அடைந்தாலும் அந்த ஆன்மா அவனை விட்டு நீங்கிவிடும். காதல் நிறைவேறினால் காதலன் கொலைகாரனாவான் என்ற இந்த விதி, இவ்வகைக் கதைகளின் இயங்குமுறையை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

சாதாரணக் காதல் கதையில் தடை வெளியே இருக்கும்: சாதி, பணம், பெற்றோர், கடல் கடந்த பிரிவு. இங்கே தடை காதலரின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. நெருங்க நெருங்க ஆபத்து கூடுகிறது. எனவே கடிப்பது அல்ல, கடிக்காமல் இருப்பதே அன்பின் அடையாளமாகிறது. 2005-இல் ஸ்டெஃபனி மேயர் எழுதிய ‘ட்வைலைட்’ இதை உச்சத்துக்குக் கொண்டுசென்றது. விலங்கு இரத்தம் மட்டுமே அருந்தும் எட்வர்டின் குடும்பம் தங்களைச் ‘சைவம்’ என்றே கேலியாகச் சொல்லிக்கொள்கிறது. அந்த நாவல் வரிசை 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

பாதுகாப்பா, கண்காணிப்பா?

அதே நாவல்தான் கடும் விமர்சனத்தையும் சந்தித்தது. பெல்லா உறங்கும்போது அவள் அறியாமல் எட்வர்ட் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னர் வரும் நாவலில், அவள் நண்பனைச் சந்திக்கக் கூடாது என்பதற்காக அவளுடைய வண்டியின் பாகத்தைக் கழற்றிவிடுகிறான். அவன் ஆபத்தானவன் என்பதால் அவன் கட்டுப்பாடு காவலாகவும், அவன் நூறாண்டு வாழ்ந்தவன் என்பதால் அவன் முடிவு அறிவாகவும் காட்டப்படுகின்றன. பெல்லா அவனை விரும்புவதால் கதைக்குள் இது குற்றமாவதில்லை. கதைக்கு வெளியே நிலைமை வேறு. விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பெண்ணை மீண்டும் மீண்டும் பின்தொடர்வது இந்தியாவில் 2013 முதல் தனிக் குற்றம். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவில் இடம்பெற்றுள்ளது. முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். ‘ட்வைலைட்’ வாசகி ஒருவர் அதன் பாத்திரங்களை வைத்து எழுதிய கதையே பின்னர் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ நாவலாயிற்று. காட்டேரியை நீக்கிய பிறகும் கட்டுப்படுத்தும் ஆண் மட்டும் அதில் அப்படியே எஞ்சினான்.

இந்திய வடிவங்கள் இங்கே ஒரு முக்கியமான இடத்தில் பிரிகின்றன. மேலைக் கதைகளில் பெரும்பாலும் ஆணே காட்டேரி, பெண்ணே மானுடர். 2010-இல் ஸ்டார் ஒன் அலைவரிசையில் தொடங்கிய ‘பியார் கி யே ஏக் கஹானி’ இந்தித் தொடரும் அதையே பின்பற்றியது. ஆனால் சந்திரா, ரூமி, ‘தாமா’வின் தாடகா ஆகிய மூவருமே பெண்கள். அவர்களைக் கண்டு மயங்குபவர்கள் வலிமையற்ற, சற்றே அசட்டுத்தனமான ஆண்கள்.

இது தற்செயல் அன்று. இரவில் வழிப்போக்கனிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு நிற்கும் கேரளத்து யட்சி, தென் தமிழகத்து நீலி, மோகினி என இரத்தம் குடிக்கும் உருவம் இந்நிலத்தில் நெடுங்காலமாகப் பெண்ணுருவே. ‘லோகா’வின் மூலமான கள்ளியங்காட்டு நீலி, கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த ‘ஐதீகமாலை’ வழியே மலையாள வாசகருக்கு அறிமுகமானவள். அவள் பெயரிலுள்ள கள்ளியங்காடு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலுக்கு அருகே உள்ளது. நாட்டார் கதைகளில் நீலி கணவனால் கொல்லப்பட்டுப் பழிதீர்க்கத் திரும்புபவள். அவளை அடக்குவதே பழைய கதைகளின் முடிவு. புதிய திரைப்படம் அவளை அடக்குவதில்லை. பெங்களூருவில் குடியேற்றி, உடலுறுப்புக் கடத்தும் கும்பலுக்கு எதிராக நிறுத்துகிறது.

பெயரில் ஒரு சிக்கல்

‘வாம்பயர்’ என்பதைத் தமிழில் எழுதுவோர் ‘இரத்தக் காட்டேரி’ என்று வழக்கமாகப் பெயர்க்கின்றனர். ஆனால் காட்டேரி தமிழகத்தில் பலருக்குக் குலங்காக்கும் தெய்வம்; படையலிட்டு வணங்கப்படுபவள். ‘வேதாளம்’ என்பதும் சரியான இணையன்று. 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் இயற்றிய ‘கதாசரித்சாகர’த்தில் வரும் வேதாளம் பிணத்துக்குள் புகுந்து, அரசனின் தோளில் ஏறிக்கொண்டு புதிர்க்கதை சொல்வது. அங்கு அது தொங்கிய சிம்சபா மரம் தமிழில் முருங்கையாயிற்று. 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் அக்கதைகளுள் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்தபோது, வேதாளத்துக்கு ‘வாம்பயர்’ என்று தலைப்பிலேயே பெயர் சூட்டினார். ஒரு மொழிபெயர்ப்பாளரின் சொல்தேர்வு அது. 155 ஆண்டுகளுக்குப் பின் ‘தாமா’வில் வேதாளங்களுக்குக் கோரைப்பல் முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் எனலாம்.

எனினும் ஆதித்ய சர்போத்தார் இயக்கிய அப்படத்தில் சொந்தச் சரக்கு ஒன்று உண்டு. அதன் வேதாளங்கள் மனித இரத்தத்தைத் தொடுவதில்லை. 1947 பிரிவினைக் கலவரங்களில் மனிதரே மனிதரைக் கொன்று குவித்ததைக் கண்டபின் அந்த இரத்தமே நஞ்சாகிவிட்டது என்று விலக்கிவிட்டன. மேலைக் காட்டேரியின் குற்றவுணர்வு தனிமனிதனுடையது. இங்கே வெட்கப்பட வேண்டியவர்கள் இரத்தம் குடிப்பவர்கள் அல்லர் என்று கதை திருப்பிப்போடுகிறது. நகைச்சுவைக்காக எழுதப்பட்ட படத்தில் இந்த ஓரிடம் மட்டும் சிரிப்பை நிறுத்துகிறது.

யாரைக் கேட்டு?

இவ்வகைக் கதைகள் அனைத்தும் இறுதியில் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. மானுடர் முதுமையடைவார், மற்றவர் அடைய மாட்டார். ஒன்று பிரிய வேண்டும். இல்லையேல் மானுடரையும் காட்டேரியாக்க வேண்டும். அந்த முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு?

ஆன் ரைஸின் மகள் மிஷேல் இரத்தப் புற்றுநோயால் 1972-இல், ஆறு வயது நிறையும் முன்பே இறந்தாள். அடுத்து அவர் எழுதிய நாவலில் கிளாடியா என்ற ஐந்து வயதுச் சிறுமி சாகும் தறுவாயில் காட்டேரியாக்கப்படுகிறாள். மரணம் அவளை நெருங்குவதில்லை. ஆனால் பல்லாண்டுகள் கழிந்து மனம் முதிர்ந்த பின்பும் உடல் ஐந்து வயதிலேயே நிற்கிறது. தன்னைக் கேளாமல் தனக்கு இதைச் செய்தவர்களை அவள் மன்னிப்பதில்லை. பெல்லாவின் நிலை நேர்மாறானது. அவள் தொடக்கம் முதலே கேட்டுக்கொண்டிருக்கிறாள், எட்வர்ட் மறுத்துக்கொண்டே இருக்கிறான். 2008-இல் வெளியான கடைசி நாவலில், பிள்ளைப்பேற்றின்போது அவள் உயிர் பிரியும் நிலை வந்த பிறகே அவளை மாற்றுகிறான்.

‘தாமா’வில் செய்தியாளர் ஆலோக் விபத்தில் சிக்கி உயிருக்குப் போராடுகிறார். தாடகாவுக்கு யோசிக்க நேரமில்லை, கடித்துவிடுகிறாள். அவர் பிழைக்கிறார், வேதாளமாக. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வாய்ப்பே இருக்கவில்லை. அதன் பின் படத்தின் ஒரு பகுதி, பெற்றோருடன் ஒரே வீட்டில் உணவு மேசையில் அமர்ந்து, அந்தப் புதிய பசியோடு அவர் என்ன செய்வது என்பதைப் பற்றியதாகவே நகர்கிறது.