குளவியின் ஆடையில் ஓர் ஈ



ஈ என்றதும் நம் கை தானாக ஓங்குகிறது. குளவி என்றதும் நம் கால் தானாகப் பின்வாங்குகிறது. இவ்விரு பழக்கங்களுக்கும் இடையே அகப்பட்டு, செய்யாத குற்றத்திற்காக அன்றாடம் உயிரிழக்கும் சிற்றுயிர் ஒன்று உண்டு. மஞ்சளும் கறுப்புமாகக் குளவியைப் போல் உடுத்திக்கொண்டு, அந்தரத்தில் அசையாது நிற்கும், இமைப்பொழுதில் மறையும், மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்கும். எண்ணூர்ப் பகுதியில் வெட்டுக்காயப் பூண்டு பூத்திருக்கும் சாலையோரத்திலும், வீட்டுத் தொட்டியில் வளரும் அவரைக் கொடியிலும் இதனைத் தேடிப் பார்க்கலாம். வேளாண்மை நூல்கள் இதனைச் ‘சிர்பிட் ஈ’ என்று குறிக்கின்றன. பூக்களை நாடி வாழ்வதால் ‘பூ ஈ’ என்றே இங்கு வழங்குவோம்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பூ ஈ இனங்கள் ஏறத்தாழ 6,000. இந்தியாவில் மட்டும் 300-க்கு மேற்பட்டவை பதிவாகியுள்ளன. இத்தனை இனங்களுள் ஒன்றுக்கேனும் கொடுக்கு இல்லை. மனிதரைக் கடிப்பதும் இல்லை. எனினும் குளவியென்று அஞ்சி அடிப்போர் பலர். வீட்டு ஈயென்று வெறுத்து அடிப்போர் பலர். ஒன்றை இன்னதென்று சரியாக அறியாததால் விளையும் அநீதிக்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

அடையாளம் காண்பது எப்படி?

வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பர். அவ்வாறே வரியிட்டதெல்லாம் குளவியாகாது. தேனீக்கும் குளவிக்கும் இறக்கைகள் நான்கு. ஈக்கு இரண்டே இரண்டு. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரு சிறு உறுப்புகள் உள்ளன. பறக்கும்போது உடல் சாயாமல் காக்கும் துலாக்கோல் என்று அவற்றைச் சொல்லலாம். தேனீயின் உணர்கொம்புகள் நீண்டு, முழங்கை போல் மடிந்திருக்கும். பூ ஈயின் கொம்புகளோ பெரும்பாலும் குட்டையானவை. தலையின் பெரும்பகுதியைக் கண்களே நிறைத்திருக்கும். ஆண் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்கு இரு கண்களும் உச்சியில் ஒன்றையொன்று தொடும். பெண் ஈயின் கண்களுக்கு இடையே இடைவெளி இருக்கும்.

அறிஞர்கள் நம்பும் அடையாளம் இவற்றினும் நுட்பமானது. பூ ஈயின் இறக்கை நடுவே, வேறெந்த நரம்போடும் முறையாகச் சேராத ஒரு மடிப்புக் கோடு ஓடுகிறது. பார்வைக்கு நரம்பு போலிருந்தும் நரம்பன்று. ஆதலால் அதற்குப் ‘பொய் நரம்பு’ என்று பெயர். மிகச் சில இனங்களைத் தவிர, இக்குடும்பம் முழுவதற்கும் அதுவே முத்திரை. உடையைக் கண்டு மயங்குவோர் குளவி என்பர். பொய் நரம்பைக் கண்டோர் பூ ஈ என்பர்.

குளவி வேடம் இந்த ஈக்கு ஏன்? கொடுக்குள்ள பூச்சியைக் கொத்திப் பட்டறிந்த பறவை, அதே நிறமுடைய மற்றொன்றையும் விட்டு விலகும். அந்த அச்சமே பூ ஈயின் கேடயம். இத்தகைய வேடத்தின் பயனை 1862-இல் விளக்கிக் காட்டியவர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்னும் ஆங்கிலேய இயற்கையியலர். பறவையிடமிருந்து ஈயைக் காக்கும் அதே வேடம் மனிதரிடம் அதற்கு எமனாகிவிடுவது விந்தையே.

சிம்சோனின் சிங்கம்

இம்மயக்கம் இன்று நேற்று தோன்றியதன்று. இறந்த எருதின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று பண்டைய கிரேக்கரும் உரோமையரும் நம்பினர். நீதித் தலைவர்கள் நூலின் 14-ஆம் அதிகாரத்தில், சிம்சோன் தான் கொன்ற சிங்கத்தின் உடலில் தேனீக் கூட்டத்தையும் தேனையும் கண்டதாக வாசிக்கிறோம். உருசிய நாட்டுத் தூதராகப் பணியாற்றியவரும் ஈக்களை ஆராய்வதில் தேர்ந்தவருமான ஓஸ்டன் சாக்கன் பிரபு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பழைய நம்பிக்கையை ஆராய்ந்தார். அழுகும் உடலின் நீரில் முட்டையிட்டுப் பெருகுவது தேனீ அன்று; தேனீயைப் போலவே தோற்றமளிக்கும் ‘எரிஸ்டாலிஸ்’ என்னும் பூ ஈயே என்பது அவர் கண்ட முடிவு. சிம்சோன் கண்டது தேனையும் ஆகையால், அங்கிருந்தவை தேனீக்களே எனக் கொள்வதில் தடையில்லை. உலர்ந்த எலும்புக்கூட்டில் தேனீ கூடு கட்டுவது நடக்கக்கூடியதே. ஆனால் எருதிலிருந்து தேனீ பிறக்கும் என்ற நம்பிக்கை நூற்றாண்டுகளாக நிலைத்தமைக்கு, இரண்டு இறக்கைகளையும் நான்கு இறக்கைகளையும் எவரும் எண்ணிப் பாராததே காரணம்.

தரங்கம்பாடி தந்த பெயர்கள்

எண்ணிப் பார்க்கும் வேலையில் நம் சோழமண்டலக் கடற்கரைக்கும் பங்குண்டு என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. சுவீடன் நாட்டு லின்னேயுஸ் 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்தியபோது, ஈக்களில் பெரும்பகுதியை ‘மஸ்கா’ என்னும் ஒரே கூடையில் போட்டார். அவருடைய மாணவரான டென்மார்க் நாட்டு ஃபப்ரீசியுஸ் அக்கூடையைப் பிரித்தார். இறக்கையை மட்டும் பார்த்தால் போதாது, வாயுறுப்புகளைப் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1775-இல் ‘சிர்பஸ்’ என்னும் பேரினத்தை நிறுவியவர் அவரே. பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 1802-இல் இவற்றைத் தனிக் குடும்பமாக்கினார். இவர் குருத்துவப் பயிற்சி பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1620 முதல் 1845 வரை டேனியர் ஆட்சியிலிருந்தது தரங்கம்பாடி. அங்கிருந்து பூச்சிகள் கப்பலேறி ஃபப்ரீசியுஸின் மேசையை அடைந்தன. அனுப்பியவர்களுள் ஒருவர் டால்டார்ப் என்னும் டேனியப் படை அலுவலர். பனைமரத்தில் ஏறிய மீனைத் தரங்கம்பாடியில் கண்டதாக அவர் எழுதிய குறிப்பு 1797-இல் இலண்டனில் அச்சேறியது. நம் மக்கள் ‘பனையேறி’ என்றழைக்கும் மீனே அது.

ஃபப்ரீசியுஸ் 1805-இல் வெளியிட்ட நூலில், தரங்கம்பாடியிலிருந்து வந்த பூ ஈக்கள் இரண்டு இடம்பெற்றன. ஒன்று இன்று ‘இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ்’ என வழங்கும் மஞ்சள் வரி ஈ. மற்றொன்று ‘பாராகஸ் செராட்டஸ்’. முதுகின் பின்முனையிலுள்ள சிறு தகட்டின் விளிம்பு இரம்பப் பல் போலிருப்பதால் இதற்கு அப்பெயர் வாய்த்தது. முன்னது ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பரவியுள்ளது. எத்தனையோ நாட்டவர் பயிர்க்காவலன் எனப் போற்றும் இந்த ஈக்கு, உலகம் வழங்கும் பெயர் நம் கடற்கரையில் பிடிபட்ட ஒன்றைக் கண்டே இடப்பட்டது.

பின்னர்க் கல்கத்தாவில் இசைக்கலைஞராக வாழ்ந்த புருனெட்டி என்பவர், ஓய்வு நேரத்தையெல்லாம் ஈக்களுக்கே ஈந்தார். அவர் எழுதி 1923-இல் வெளியான தொகுதியே இந்தியப் பூ ஈக்களைப் பற்றிய அடிப்படை நூலாயிற்று.

பிழைப்பால் அறியப்படும் நான்கு குடிகள்

வளர்ந்த பூ ஈக்கள் பெரும்பாலும் பூந்தேனும் மகரந்தமும் உண்பவை. ஆனால் அவற்றின் புழுக்களோ வெவ்வேறு வழியில் பிழைக்கின்றன. பெரும்பாலும் அப்பிழைப்பையொட்டியே இக்குடும்பம் நான்கு துணைக் குடும்பங்களாகப் பிரிந்து நிற்கிறது.

முதலாவது, சிர்பினே. இதன் புழுக்கள் பெரும்பாலும் அசுவினி என்னும் செடிப்பேனைத் தின்பவை. கால்களற்ற புழு இலைமேல் ஊர்ந்து, அசுவினியைக் கவ்வித் தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை எறிகிறது. ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். தரங்கம்பாடி ஈக்கள் இரண்டும் இக்குடியினவே.

இரண்டாவது, எரிஸ்டாலினே. இதில் பலவகைப் பிழைப்பினர் உண்டு: அழுகிய மரத்தில் வாழ்வன, கிழங்கைக் குடைவன, சாக்கடை நீரில் வளர்வன. இவற்றுள் கடைசியாகச் சொன்னவற்றுக்கு ‘எலிவால் புழு’ என்று பெயர். வால் போல் நீளும் குழாயை நீர்மட்டத்திற்கு உயர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டு, அடியிலுள்ள அழுகலை உண்ணும்.

மூன்றாவது, மைக்ரோடான்டினே. இதன் புழுக்கள் பல எறும்புப் புற்றினுள் வாழ்ந்து, எறும்பின் குஞ்சுகளையே உண்ணும். அவற்றின் வடிவம் எத்துணை விந்தையானதெனில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை முதலில் கண்ட அறிஞர்கள் நத்தை இனம் என்றே எழுதிவிட்டனர்.

நான்காவது, பிபிசினே. தோற்றம் கருதி இதனை நெடுங்காலம் எரிஸ்டாலினேயோடு சேர்த்திருந்தனர். ஆனால் இதன் புழுக்கள் அசுவினி உண்பவை. 2015-இல் வெளியான மரபணு ஆய்வு, இது சிர்பினேக்கே நெருங்கிய உறவு என்று காட்டித் தனித் துணைக் குடும்பமாக உயர்த்தியது.

அழுகல் வேறு, நஞ்சு வேறு

இனி நம் எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேரும் நம் கழிமுகம், ஒருகாலத்தில் இறாலுக்கும் நண்டுக்கும் பெயர்பெற்றது. இன்று சதுப்பில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிக் கழிமுகத்தையும் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது நம் மீனவக் குடும்பங்கள் பட்ட துன்பம்.

‘இந்த நீர் எப்போதோ கெட்டுவிட்டது, இனிக் கெட என்ன இருக்கிறது?’ என்று சலித்துக்கொள்வோர் உண்டு. எலிவால் புழு அவர்களுக்கு ஒரு விடை தருகிறது. இலை அழுகிய நீரும் சாணம் கலந்த நீரும் அதற்கு உணவுக்கலம். பிறர் முகம் சுளிக்கும் அழுகலைத் தின்று, பூவுக்கு மகரந்தம் சுமக்கும் ஈயாக அது எழுகிறது. ஆனால் நீர்மட்டத்தில் எண்ணெய் படர்ந்தால், குழாய்வழி மூச்சுவிடும் உயிருக்கு வழி அடைபடும். கொசுப்புழுவை ஒழிக்க மண்ணெண்ணெய் தெளித்த அந்தக்கால முறை இந்த உண்மையைக் கொண்டே அமைந்தது. அழுகலை உயிர்கள் உயிராக மாற்றிவிடும். நஞ்சை அவ்வாறு மாற்ற இயலாது. ‘அழுக்கு’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்குவது, லின்னேயுஸின் ஒற்றைக் கூடைக்கே திரும்புவதாகும். அச்சொல் ஆலைக்கழிவுக்குப் பொறுப்பானவர்களுக்கு வசதியாகவும், கரையில் வாழ்வோருக்கு அவமானமாகவும் முடிகிறது.

பெயர் அறியாத உயிர் மறைந்தாலும் எவரும் கணக்குக் கேட்பதில்லை. ஐரோப்பாவில் பூ ஈக்களுக்கு முறையான பட்டியல் இருந்தமையால்தான், 2022-இல் அங்குள்ள 890 இனங்களுள் 314 அழிவின் விளிம்பை நோக்குகின்றன என்று கணக்கிட முடிந்தது.

இல்லங்கள் செய்யத்தக்கவை

தொட்டிச் செடியில் அசுவினி கண்டவுடன் மருந்தைத் தேடாதீர்கள். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்தின் நடுவே, தலைப்பக்கம் கூம்பிய பச்சையோ பழுப்போ ஆன புழு தென்பட்டால், காவலர் வந்துவிட்டார் என்று பொருள். சில நாள் பொறுங்கள். பூ ஈயின் பெண்ணுக்கு முட்டை முதிர மகரந்தம் வேண்டும். அதன் நாவோ குட்டை. ஆகையால் கொத்தமல்லியில் நாலைந்து செடிகளைப் பறிக்காது பூக்க விடுங்கள். அவற்றின் திறந்த சிறு பூக்கள் அதற்கு ஏற்றவை. குடிநீர்த் தொட்டியில் எலிவால் புழு காணப்படின், அந்நீரைப் பருகாது தொட்டியைக் கழுவுங்கள்; நீர் கெட்டிருப்பதை அது அறிவிக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தாருங்கள். பூவருகே வரியிட்ட பூச்சி ஒன்று நின்றால், அடிக்கும் முன் இறக்கைகளையும் கொம்புகளையும் பார்த்துச் சொல்லட்டும். அடிப்பதற்கு முன் பார்க்கப் பழகிய பிள்ளை, வளர்ந்தபின் மனிதரையும் ஊரையும் ஒரு சொல்லில் ஒதுக்கிவிடாது.