அழுக்குக்கு ஒரு வாசல், சுத்தத்துக்கு?

ராமநாதபுரம் மாவட்டத்தின் இரண்டு மின்நிலையங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, உப்பூரில் 1,600 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்ட நிலக்கரி அனல்மின்நிலையம். மற்றது, கமுதியில் 2016 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம். 2,500 ஏக்கர். ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் அன்று உலகிலேயே பெரியது.

உப்பூர் 'அழுக்கு'. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006 அறிவிக்கையின் அட்டவணைக்குள் அனல்மின்நிலையம் வருகிறது. எனவே ஆய்வறிக்கை வேண்டும். மக்கள் கருத்துக்கேட்பு வேண்டும். தந்த அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம். கருத்துக்கேட்பு பல சமயம் வெறும் சடங்குதான். ஆனாலும் அது ஒரு வாசல். 2021 மார்ச்சில் தீர்ப்பாயம் உப்பூருக்கான அனுமதியை நிறுத்திவைத்தது.

கமுதி 'சுத்தம்'. சூரிய மின்நிலையம் அட்டவணையிலேயே இல்லை. சூரியப் பூங்காக்களுக்கும் முன் அனுமதி தேவையில்லை என்று மத்திய அமைச்சகம் 2017இல் தெளிவுபடுத்தியது. அனுமதி இல்லையென்றால் கருத்துக்கேட்பு இல்லை. எதிர்த்து முறையிட ஒரு அனுமதி உத்தரவுகூட இல்லை. யார்கிட்டப் போய்ச் சொல்றது?

புகையில்லை, சாம்பலில்லை, பிறகென்ன விசாரணை என்பது இதன் தர்க்கம். அதில் நியாயம் இல்லாமலில்லை. நிலக்கரிக்குரிய அளவுகோலைச் சூரியப் பலகைக்கு வைத்தால் தாமதம்தான் மிஞ்சும். ஆனால் 'சுத்தம்' என்ற சொல் காற்றை மட்டுமே அளக்கிறது. நிலத்தை அது பார்ப்பதில்லை. அங்கே இன்னொரு சொல் துணைக்கு வருகிறது: 'தரிசு'. ஆவணத்தில் தரிசு எனப்படும் இடத்தில்தான் நம்ம பக்கத்தில் ஆடு மேய்கிறது, சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள், கண்மாய்க்கு வரத்துக்கால் ஓடுகிறது. இரண்டு சொற்களும் கைகோத்தால் மனிதர்கள் காணாமல் போகிறார்கள்.

இதே அரசு கடலில் எப்படி நடக்கிறது? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. அன்றுமுதல் அத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிற பெண்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறுபவர்கள். ஆக, ஒழுங்குமுறை இல்லாமலில்லை. அது யார்மேல் பாய்கிறது என்பதே கேள்வி.

அடுத்து இதே கடலுக்குக் காற்றாலைகள் வரவிருக்கின்றன. தமிழகத்துக்கும் குஜராத்துக்கும் தலா 500 மெகாவாட் என 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை நிதி ஒதுக்கியது. நான் சூரியனுக்கோ காற்றுக்கோ எதிரியல்ல. நிலம், நீர்வழி, மேய்ச்சல், மீன்பாடு ஆகியவற்றை முன்வைத்து, தூய மின்சாரத்துக்கென்றே சுருக்கமான, கட்டாயமான ஒரு கருத்துக்கேட்பு வேண்டும் என்கிறேன். அழுக்கை எதிர்த்துப் பேச உரிமை உண்டு, சுத்தத்தின் முன்னால் வாயைப் பொத்திக்கணும் என்றால், அந்தச் சுத்தம் யாருடையது?