கிளம்பாத கணினியும் அழியும் குடும்ப ஆவணங்களும்

மழைக்காலம் முடிந்த கையோடு புதுச்சேரியின் கணினிப் பழுதுக் கடைகளில் மேசைக்கு மேசை சிபியு பெட்டிகள் திறந்து கிடக்கின்றன. “பட்டனை அமுக்கினா ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே மட்டும் வரல” என்கிறார் ஒருவர். “லோகோ வரைக்கும் வருது, அப்புறம் அப்படியே நிக்குது” என்கிறார் இன்னொருவர். “நேத்து நல்லா ஓடிச்சு, இன்னிக்கு உயிரே இல்ல” என்கிறார் மூன்றாமவர். மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். ஆனால் கூட்டம் நெரியும் நாளில் மூவருக்கும் சொல்லப்படும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஃபார்மட் போட்டுடலாங்க. சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க.”

சாயங்காலம் கணினி புதுசுபோல் ஓடுகிறது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும், பேத்தியின் முதல் நன்மை வீடியோவும், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் பிரதியும் அதில் இல்லை. “டி டிரைவ்ல இருந்ததாச்சே?” என்று கேட்டால், “அதையும் சேர்த்து முழுசா போட்டாத்தான் வைரஸ் போகும்” என்று பதில் வருகிறது.

கிளம்பாத கணினியைப் பழுது பார்ப்பது பற்றிச் சொல்ல எவ்வளவோ உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது இது: கணினி கிளம்பவில்லை என்பதற்காக உள்ளே இருக்கும் தகவல் போய்விட்டதாக அர்த்தமில்லை. அதைப் போக்கடிப்பது பெரும்பாலும் அதற்குப் பின் நாம் காட்டும் அவசரம்.

டிஸ்க் வருவது கடைசியில்

பட்டனை அமுக்கியதும் கணினிக்குள் வேலைகள் ஒரு வரிசையில் நடக்கின்றன. முதலில் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி, வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருகிறது. மின்சாரம் சரியாக இருக்கிறது என்று அது சமிக்ஞை கொடுத்த பிறகே பிராசஸர் கண் விழிக்கிறது. மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ், ராமைச் சோதிக்கிறது, டிஸ்ப்ளேயை எழுப்புகிறது. அதன் பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்.எஸ்.டி.யையோ தேடிப்போய் விண்டோஸை ஏற்றுகிறது.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பட்டனை அமுக்கியும் ஒரு விளக்குகூட எரியவில்லையா? பிளக், பவர் கார்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். டிஸ்க்குக்கு அங்கே வேலையே இல்லை. மின்விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா? மானிட்டர் கேபிளைப் பாருங்கள். அடுத்த சந்தேகம் ராம். கரண்ட் இணைப்பை முழுக்கக் கழற்றிவிட்டு, ராமை வெளியே எடுத்து, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி ‘டக்’ என்று உட்காரும்படி அழுத்தினால் பல கணினிகள் எழுந்துவிடும். மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, பிறகு சார்ஜரைச் செருகிப் பாருங்கள். இங்கேயும் டிஸ்க்குக்குச் சம்பந்தமில்லை.

“பூட் டிவைஸ் காணோம்” என்ற செய்தியோடு கணினி நின்றால்தான் டிஸ்க் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். அப்போதும் அவசரம் கூடாது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் பயாஸில் தேதி பின்னுக்குப் போகும். எந்த டிஸ்க்கிலிருந்து, எந்த முறையில் கிளம்ப வேண்டும் என்ற அமைப்பும் மாறிவிடும். டிஸ்க் நல்லபடியாக இருக்கும்போதே கணினி அதைக் காணோம் என்று சொல்வதுண்டு. சிறு பேட்டரியை மாற்றி, பயாஸ் அமைப்பைச் சரிசெய்தால் முடிகிற வேலை அது. தளர்ந்துபோன சாட்டா கேபிளாலும் இதே செய்தி வரும். இவற்றைப் பார்க்காமல் ஃபார்மட் போடுவதை மருத்துவம் என்று ஏற்க முடியாது.

நீலத் திரைக்கும் இதே கதைதான். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அதற்குத் தீர்வு என்னவாக இருந்தது? கணினியை சேஃப் மோடில் எழுப்பி ஒரு கோப்பை நீக்குவது. அத்தனை பெரிய முடக்கத்துக்கே ஃபார்மட் தேவைப்படவில்லை.

உப்புக் காற்றும் புயல் நீரும்

நம் ஊருக்கென்று தனிக் காரணங்கள் உண்டு. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் அதே காற்றுதான் கணினிக்குள்ளும் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறும்போது, போர்டில் படிந்த உப்பும் தூசியும் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. இணைப்புகளில் பச்சை பூக்கிறது. கோடை முழுவதும் ஓடிய கணினி, விடுமுறைக்குப் பத்து நாள் மூடிவைத்துவிட்டுத் திரும்பினால் எழாமல் போவதற்கு இது முக்கியக் காரணம். மழைக்காலத்தில் வாரம் ஓரிரு முறையாவது கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டால், அந்தச் சூட்டிலேயே ஈரம் கொஞ்சம் விலகும்.

புயல் வந்தால் கதை வேறு. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப் போன மின்சாரம் திரும்பும் நேரம்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கண்டம். பிளக்கைக் கழற்றிவைத்தவர்கள் தப்பினார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கருகே கரை கடந்து நகராமல் நின்றதில், 24 மணி நேரத்தில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. கிருஷ்ணா நகர் பகுதியில் ராணுவம் வந்து மக்களை மீட்டது. தரையில் வைக்கப்பட்ட சிபியு பெட்டிகள் எத்தனை அந்த நீரில் மூழ்கினவோ!

நீரில் நனைந்த கணினிக்கு முதல் விதி: ஆன் ஆகிறதா என்று சோதிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். அரிசிக்குள் புதைப்பது, ஹேர் டிரையரால் சூடு காட்டுவது இரண்டும் உதவாது. போர்டைச் சுத்தம் செய்து உலர்த்தி மீட்கலாம், மீளாவிட்டால் வேறு வாங்கலாம். டிஸ்க்குக்கு மாற்று கிடையாது. வீட்டுக் கணினிகளின் ஹார்ட் டிஸ்க்குகளில் காற்றழுத்தம் சமன்பட ஊசித்துளை ஒன்று இருப்பது வழக்கம். அதன் வழியே சேற்றுநீர் போயிருந்தால், நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தில் தட்டு சுழன்ற மாத்திரத்தில் எல்லாம் கீறிப்போகும். அதை மின்சாரம் கொடுக்காமல் தரவு மீட்பு நிபுணரிடம் சேர்ப்பதுதான் வழி. ‘டிக் டிக்’ என்று தட்டும் சத்தம் கேட்கும் டிஸ்க்குக்கும் இதே விதி.

ஒரு எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அது அடிக்கக்கூடும்.

ஃபார்மட் போட்ட பிறகு

“ஃபார்மட் போட்டாலும் ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துடலாம்” என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் மட்டும் போட்டிருந்தால் அது ஓரளவு உண்மை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் நீங்கும், கோப்புகள் அப்படியே கிடக்கும். ஆனால் கடையில் அதோடு நிற்பதில்லை. அதே இடத்தில் விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் ஏற்றப்படுகின்றன. அவை எழுதப்பட்ட இடத்தில் இருந்த படம் திரும்ப வராது. முழு ஃபார்மட் என்றால், விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் டிஸ்க் முழுவதும் சுழியத்தை எழுதிவிடுகிறது.

இன்றைய எஸ்.எஸ்.டி.யில் நிலைமை இன்னும் கடுமை. ட்ரிம் என்ற ஏற்பாட்டின்படி, நீக்கப்பட்ட இடத்தை டிஸ்க் தானாகவே துடைத்துக்கொள்கிறது. ஃபார்மட் முடிந்து கொஞ்ச நேரம் ஓடினால், எந்த ஆய்வகத்துக்கு எடுத்துப்போனாலும் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வேகமாகக் கிளம்புகிறது என்று நாம் மகிழ்ந்து வாங்கிய டிஸ்க்கில் தவறுக்கு இடமே இல்லை.

இந்த ஊர் டிஸ்க்குகளில் இருப்பவை

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேறு ஊர்களில் வீட்டுக் கணினியில் சினிமாவும் விளையாட்டும் இருக்கலாம். புதுச்சேரியில் பல வீடுகளின் குடியுரிமை வரலாறே அதற்குள் கிடக்கிறது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பின் கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த தாத்தாவின் காகிதம், பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்து ஓய்வுபெற்றவரின் பென்ஷன் புத்தகம், ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய உயிர்ச் சான்றிதழ், பிரெஞ்சில் எழுதிய பிறப்பு, திருமணப் பதிவுகள் என எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பாரிசில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பியது இந்தக் கணினியிலிருந்துதான். மூலக் காகிதம் கறையான் அரித்தோ வெள்ளத்தில் ஊறியோ போயிருக்கும். மிஞ்சியிருப்பது அந்த ஸ்கேன் ஒன்றே.

எழுதுகிறவர்களின் இழப்பு இன்னொரு வகை. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்த கவிதைகளும் நாடகங்களும் டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் பழைய கணினிகளில் தூங்குகின்றன. ஃபார்மட் போட்டால் கோப்போடு எழுத்துருவும் போகிறது. எங்கோ ஒரு பென் டிரைவில் கோப்பு தப்பியிருந்தாலும், திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும்.

இந்த ஊரில் சேர்த்துக் காக்கப்படும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலை மக்குவதற்குள் படி எடுத்து வைக்க வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் நாம். அந்த அறிவை வீட்டு டிஸ்க்கிடம் ஏன் காட்டுவதில்லை?

48 இலக்கப் பூட்டு

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், நாம் கேட்காமலே டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டு விடுகிறது. மதர்போர்டு போய்விட்டால் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் திறக்காது. கணினியை முதன்முதலில் அமைத்தபோது கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் அந்தச் சாவி பத்திரமாக இருக்கக்கூடும். ஆனால் அமைத்தது கடைத் தம்பி, கொடுத்தது ஏதோ ஒரு மின்னஞ்சல், கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை என்பதுதான் பல வீடுகளின் நிலை. திருடனிடமிருந்து காக்க வைத்த பூட்டு வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதன் பொருட்டும் ஏராளமான கணினிகள் கடைக்குப் போகின்றன. நன்றாக ஓடும் கணினிக்கே ஃபார்மட் போடும் காலம் இது.

பழுது பார்ப்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. சில நூறு ரூபாய்க் கூலிக்கு மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க முடியாது, ஃபார்மட் போட்டால் வேலை உறுதியாக முடியும் என்கிறார்கள். எல்லாம் கிளவுடில் இருக்கிறதே என்பாரும் உண்டு. கைப்பேசிப் படங்களுக்கு அது பொருந்தலாம். 2005-ல் டிஜிட்டல் கேமராவில் எடுத்து, கணினியில் மட்டுமே போட்டு வைத்த படங்களுக்குப் பொருந்தாது.

கடைக்குக் கொண்டுபோகுமுன்

கணினி கிளம்பாவிட்டால், டிஸ்க்கைத் தனியே கழற்றித் தரும்படி கேளுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. கேஸிங்கில் அதைப் போட்டு இன்னொரு கணினியில் செருகி, வேண்டியவற்றை முதலில் நகலெடுங்கள். டிஸ்க் மதர்போர்டிலேயே பொருத்தப்பட்ட கணினி என்றால், பென் டிரைவிலிருந்து கிளம்பும் லினக்ஸ் ஒன்றைக் கொண்டு நகலெடுத்துத் தரச் சொல்லலாம். நல்ல மெக்கானிக்குகள் இதைச் செய்யத் தெரிந்தவர்களே. கேட்கப்படாததால் செய்வதில்லை. அதற்குத் தனிக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

கணினி நன்றாக ஓடும் வீடுகளுக்கும் இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. முக்கிய ஆவணங்களையும் படங்களையும் ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். உறவினர் பிரான்சில் இருக்கும் குடும்பங்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது; நம் கரையை அடிக்கும் புயல் அங்கே போகாது. 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதிக் குடும்ப அட்டையோடு வையுங்கள்.

கடைகளிடம் ஒரு கோரிக்கை. கணினியை வாங்கி வைக்கும்போது எழுதித் தரும் ரசீதில், “தகவல் நகல் எடுக்கப்பட்டதா? ஃபார்மட் செய்ய உரிமையாளர் சம்மதித்தாரா?” என்று இரண்டு கேள்விகளை அச்சிட்டு, எதிரே கையெழுத்து வாங்குங்கள். செலவு ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வரி ரசீதில் இல்லாவிட்டால், வாடிக்கையாளரே பேனாவை வாங்கி எழுதட்டும்: நகல் எடுக்காமல் ஃபார்மட் போடக் கூடாது.