பகைவருக்கும் வழி சொன்ன வானொலி

இரண்டாம் உலகப் போர்க்கால நாட்காட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, பெரிய செய்திகள் வந்த நாட்களை வட்டமிட்டுப் பாருங்கள். பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் அறிவித்த 1939 செப்டம்பர் 3, ஜெர்மானியப் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்த 1941 ஜூன் 22, பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட 1941 டிசம்பர் 7, சிங்கப்பூர் வீழ்ந்த 1942 பிப்ரவரி 15, கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய 1942 ஏப்ரல் 5. இந்த ஐந்து நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகள்!

சிலவற்றில் இது தற்செயல்தான். சிலவற்றில் அப்படியல்ல. வார இறுதியில் அமெரிக்கக் கப்பற்படை துறைமுகத்தில் தங்கியிருக்கும் என்று தெரிந்துகொண்டே ஜப்பானியர் பேர்ள் துறைமுகத்துக்கு நாள் குறித்தார்கள். எப்படியிருந்தாலும் விடுமுறை நாளில் வீட்டிலிருந்த மக்களுக்கு இச்செய்திகளை முதலில் கொண்டுவந்தது வானொலி. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் போர் அறிவிப்பை வாசித்தபோது லண்டனில் காலை மணி 11.15, நம் நேரப்படி பிற்பகல் 3.45. அன்றே வைஸ்ராய் லின்லித்கோ, நம் தலைவர்கள் எவரையும் கலக்காமல் இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்துவிட்டார்.

அப்போது நம் பக்கத்தில் அதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும்தான் தொடங்கின. பெங்களூருக்கு 1955இல்தான் நிலையம் வந்தது. ஓசூருக்கு ஓரளவு அருகில் இருந்தது, மைசூரில் கோபாலஸ்வாமி என்ற உளவியல் பேராசிரியர் 1935இல் தம் சொந்த முயற்சியால் தொடங்கிய சிறு நிலையம். ‘ஆகாசவாணி’ என்ற பெயர் வழங்கத் தொடங்கியது அங்கேதான். இந்தியா முழுவதிலும் உரிமம் பெற்ற வானொலிப் பெட்டிகள் ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை.

செய்திகளைப் பற்றி வரலாற்று ஆசிரியர் சொல்வார். நாம் செய்தியைச் சுமந்து வந்த அலையைக் கவனிப்போம். வீட்டில் இருப்பவருக்குச் செய்தி சொல்லும் அதே அலை, வானத்தில் இருக்கும் பகைவருக்கு வழியும் சொல்லும். எப்படி?

1941 டிசம்பர் 7. ஹவாய்த் தீவுகளில் விடிந்துகொண்டிருந்த நேரம். நமக்கு நள்ளிரவை ஒட்டிய நேரம். தீவுக்கு வடக்கே ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஜப்பானிய விமானங்கள் கிளம்பிவிட்டன. கீழே மேகம் மூடியிருந்தது. கடல் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. தலைமை விமானத்தில் இருந்த மிட்சுவோ ஃபுசிடா தம்மிடமிருந்த திசை காணும் வானொலிக் கருவியைத் திருகினார். ஹொனலூலு நிலையம் இசை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அந்த இசை எத்திசையிலிருந்து வருகிறது என்று கருவி காட்டவே, விமானத்தின் போக்கைச் சுமார் 5 பாகை திருத்திக்கொண்டு நேரே சென்றார். போதாக்குறைக்கு, அதே ஒலிபரப்பில் வானிலை அறிக்கையும் கிடைத்தது!

வழக்கமாக இரவில் மூடப்படும் அந்த நிலையம் அன்று மட்டும் ஏன் விடிய விடிய ஒலித்தது? கலிபோர்னியாவிலிருந்து வந்துகொண்டிருந்த அமெரிக்காவின் சொந்த விமானங்கள் 12 அந்த இசையைப் பிடித்துக்கொண்டு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். நண்பனுக்காக ஏற்றிய விளக்கில் பகைவனும் வழி பார்த்துக்கொண்டான்.

இசைக்குத் திசை எப்படித் தெரிகிறது? இதற்கு ஜப்பானியக் கருவி வேண்டாம். வீட்டுப் பரணில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ கிடந்தால் எடுங்கள். பின்மூடியைத் திறந்தால் சுண்டுவிரல் பருமனில் கறுப்பாக ஒரு தண்டும், அதன்மேல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் தெரியும். இது ஃபெரைட் தண்டு. மத்திய அலைக்கு இதுதான் ஏரியல். (மேலே இழுத்து நீட்டும் குழாய், சிற்றலைக்கும் பண்பலைக்கும் உரியது. இச்சோதனைக்கு அது வேண்டாம்; மடக்கி வையுங்கள்.)

வானொலி அலையில் மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்தே வருகின்றன. மத்திய அலை நிலையத்தின் கோபுரம் செங்குத்தாக நிற்பதால் அலையின் மின்புலம் மேலும் கீழுமாக அதிர்கிறது. காந்தப்புலம் தரைக்கு இணையாக, அலை செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்கிறது. சுருளில் மின்னழுத்தம் தோன்ற வேண்டுமானால் காந்தக் கோடுகள் தண்டின் நீளவாக்கில் ஓட வேண்டும். தண்டு நிலையத்துக்குக் குறுக்கே கிடந்தால் அவை அப்படியே ஓடுகின்றன. ஒலி உரக்கக் கேட்கிறது. தண்டின் முனை நிலையத்தை நோக்கினாலோ கோடுகள் தண்டைக் குறுக்காக வெட்டிச் செல்கின்றன. சுருளுக்குள் எதுவும் மாறுவதில்லை. ஒலி தேய்ந்து மறைகிறது.

எங்கள் முதலாண்டு மாணவர்களிடம் இச்சோதனையைக் கொடுத்தால் பெரும்பாலோர் ஒலி மிக உரக்கக் கேட்கும் திசையைத்தான் தேடுவார்கள். அது வீண் வேலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச நிலையிலிருந்து தண்டை 20 பாகை திருப்பினாலும் கொசைன் 20 பாகை என்பது 0.94, மின்னழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்குதான் குறையும். உங்கள் காது அதை உணராது. ஆனால் ஒலி மறையும் நிலையிலிருந்து 5 பாகை விலகினாலே சுழியாக இருந்தது உச்சத்தில் நூற்றுக்கு ஒன்பது பங்காக ஏறிவிடும். ஆகவே மௌனத்தைத் தேடுங்கள்! ஒலி எங்கே அடங்குகிறதோ, அங்கே தண்டு காட்டும் கோட்டில்தான் நிலையம் இருக்கிறது.

ஓசூர், கிருஷ்ணகிரி பகுதி மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி. பல்லாண்டுகளாக பெங்களூர் நிலையத்துக்குரிய இடம் 612 கிலோஹெர்ட்ஸ். (அலைநீளம் எவ்வளவு? 3,00,000ஐ 612ஆல் வகுத்தால் ஏறத்தாழ 490 மீட்டர்.) ஜூஜுவாடிச் சோதனைச் சாவடியில் லாரிகள் நிற்கலாம், அலை நிற்பதில்லை. அங்கே ஒன்றும் அகப்படாவிட்டால், தெளிவாகக் கேட்கும் வேறெந்த மத்திய அலை நிலையத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒலியைச் சிறிதாக வைத்து, பெட்டியை மேசைமேல் மெல்லச் சுழற்றுங்கள். பெங்களூர் கிடைத்தால், ஒலி அடங்கும்போது தண்டு ஓசூரிலிருந்து வடமேற்கைக் காட்டும். இரும்பு அலமாரி, ஜன்னல் கம்பி, மின்கம்பம் ஆகியவற்றின் அருகே செய்யாதீர்கள். அவை அலையை வளைத்து உங்களை ஏமாற்றும். தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை செய்வது நல்லது. பற்றவைப்புப் பட்டறைகளும் மோட்டார்களும் எழுப்பும் கரகரப்பு விடுமுறை நாளில் குறைவாக இருக்கும். வீட்டு எல்.இ.டி. விளக்குகளையும் அணைத்துவிடுங்கள்; சில மலிவு விளக்குகள் எழுப்பும் இரைச்சலில் நிலையமே முங்கிப்போகிறது.

பேர்ள் துறைமுகத்துக்கு நேர்ந்தது பிரிட்டனுக்கு நேரவில்லை. அதற்குக் காரணம் முன்யோசனை. போர் மூளப்போகிறது என்று தெரிந்ததும், 1939 செப்டம்பர் 1 மாலை, பி.பி.சி. தன் பல்வேறு மத்திய அலை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு ஒரே நிகழ்ச்சியாக்கியது. நாட்டின் பல மூலைகளில் இருந்த கோபுரங்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவிலுள்ள கோபுரங்கள் எல்லாம் ஒரே அலைநீளத்தில், அணுவளவும் பிசகாமல் ஒரே அதிர்வெண்ணில், ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பின. பல திசைகளிலிருந்து ஒன்றுபோல் வரும் அலைகளை வாங்கும் ஜெர்மானிய விமானிக்குத் தண்டு எதைக் காட்டும்? எந்த ஊரையும் காட்டாது. விமானம் ஒரு கோபுரத்தை நெருங்கிவிட்டால், வான்படையின் கட்டளைப்படி அதை மட்டும் அணைத்துவிடுவார்கள். அவ்வூர் மக்கள் தொலைவிலிருந்த மற்ற கோபுரங்களின் மங்கலான ஒலியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வானொலி திடீரென்று மெலிந்தால் ‘விமானம் வருகிறது போலும்’ என்று கேட்பவர்கள் ஊகிக்கத் தொடங்கினார்களாம்!

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. ஒரே நிகழ்ச்சிதான், பிடிக்காவிட்டால் திருப்ப வேறு நிலையம் இல்லை. முதல் வாரங்களில் செய்திக்கும் இசைத்தட்டுக்கும் நடுவே சாண்டி மக்ஃபர்சன் என்பவரின் ஆர்கன் வாசிப்பை மணிக்கணக்கில் போட்டதில் மக்கள் அலுத்துப்போனார்கள். என்னைக் கேட்டால், உயிர் பிழைக்க அந்த அலுப்பு மலிவான விலை. அமெரிக்கா இப்பாடத்தைப் பின்னால் கற்றுக்கொண்டது. 1951 முதல் 1963 வரை, தாக்குதல் அபாயம் வந்தால் 640, 1240 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டில் மட்டும் நிலையங்கள் மாறி மாறி ஒலிப்பது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். அக்காலத்து அமெரிக்க வானொலிப் பெட்டிகளின் முகப்பில் அந்த இரண்டு இடங்களிலும் சிறு முக்கோணக் குறி இருக்கும்.

திசை காணும் கருவி நம் நாட்டில் வேறொரு வேட்டைக்குப் பயன்பட்டது. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறி, தலைவர்கள் எல்லோரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். செய்தித்தாள்களுக்குத் தணிக்கை. அந்நிலையில் பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் அவர் தோழர்களும் இரகசியமாகக் ‘காங்கிரஸ் வானொலி’யைத் தொடங்கினார்கள். அலைநீளம் 42.34 மீட்டர். 300ஐ அதனால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும்: ஏறத்தாழ 7.09 மெகாஹெர்ட்ஸ். அது சிற்றலை.

போலீசார் திசை காணும் கருவி பொருத்திய வேனில் தேடினார்கள். ஓர் இடத்திலிருந்து அளந்தால் ஒரு கோடுதான் கிடைக்கும். நிலையம் அக்கோட்டில் எங்கே இருக்கிறது, முன்னாலா பின்னாலா என்பதுகூடத் தெரியாது. வேன் வேறிடம் சென்று இன்னொரு கோடு போட்டால், இரண்டும் வெட்டும் இடத்தில் நிலையம்! இவ்வளவுக்கும் நிலையம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இடம் மாறாமல் இருக்க வேண்டும். உஷா மேத்தா குழுவினர் இரண்டையும் செய்யவில்லை. ஒலிபரப்பு சிறிது நேரமே நடக்கும்; சில நாட்களுக்கு ஒருமுறை கருவியைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்படி மூன்று மாதங்களுக்குக் கிட்டத் தாக்குப்பிடித்தார்கள். 1942 நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள். தம்முடன் வேலை செய்த தொழில்நுட்பர் ஒருவர் காட்டிக்கொடுத்தார் என்று உஷா மேத்தா பின்னாளில் கூறியிருக்கிறார். அவருக்கு நான்காண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இடம் தெரிந்துவிட்டால் நிலையத்துக்கு என்ன நேரும் என்பதற்கு 1971ஆம் ஆண்டு சான்று. சிட்டகாங்கை அடுத்த காலுர்காட் ஒலிபரப்பியிலிருந்து மார்ச் 26, 27இல் வங்கதேச விடுதலை அறிவிப்பு ஒலித்தது. மார்ச் 30 அன்று பாகிஸ்தான் விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. மே 25 முதல் ‘சுதந்திர வங்க வானொலி’ கல்கத்தாவிலிருந்து, இந்தியா தந்த 50 கிலோவாட் ஒலிபரப்பியில் தொடர்ந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 3 வெள்ளிக்கிழமை மாலை இந்தியாவுடனான போரே மூண்டது. நள்ளிரவு தாண்டிப் பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசினார். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்: 5, 12. அந்நாட்களைப் பற்றி உங்கள் தாத்தா, பாட்டியைக் கேளுங்கள். டில்லியிலிருந்து காலை 7.15 தமிழ்ச் செய்திக்காகப் பெட்டியை மேசைமேல் இப்படியும் அப்படியும் திருப்பி வைத்ததைச் சொல்வார்கள். ஓசூரில் இதற்குத் தேவை அதிகம். செய்தியை அஞ்சல் செய்யும் சென்னை நிலையம் கிழக்கே 300 கிலோமீட்டரில்; பெங்களூரோ 40 கிலோமீட்டரில், பலத்த குரலுடன். தண்டின் முனை பெங்களூரை நோக்கும்படி வைத்தால் அந்தக் குரல் தணியும், சென்னை மேலெழும். ஃபுசிடா பயன்படுத்திய அதே தத்துவம்தான். பாட்டிக்கு அதன் பெயர் தெரியாது, அவ்வளவே.

இனி நீங்களும் இரண்டு கோடுகள் போட்டுப் பாருங்கள். ஆனால் முதல் கோட்டை ஓசூரிலிருந்தும் இரண்டாவதைக் கிருஷ்ணகிரியிலிருந்தும் போடாதீர்கள். வரைபடத்தைப் பாருங்கள்: கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் மூன்றும் ஏறத்தாழ ஒரே வரிசையில் இருக்கின்றன. கோடுகள் மிகச் சிறிய கோணத்தில் உரசிக்கொள்ளும். இரண்டு பாகை தவறினாலும் வெட்டும் இடம் பல கிலோமீட்டர் தள்ளிப்போகும். இரண்டாவது கோட்டுக்குத் தளி பொருத்தமான ஊர். அங்கிருந்து பெங்களூர் கிட்டத்தட்ட நேர் வடக்கு. கோணம் விரிகிறது, பிழை சுருங்குகிறது.

அளப்பது பகலில் இருக்கட்டும். பகலில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், அயனி மண்டலத்தின் அடியடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது; உங்களுக்கு வருவது தரையை ஒட்டி வரும் அலை மட்டுமே. சூரியன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துபோகிறது. அலைகள் இன்னும் மேலேயுள்ள அடுக்குகளில் பட்டுத் திரும்பி, சாய்வாக, காந்தப்புலம் முறுகிய நிலையில் இறங்குகின்றன. தொலைதூர நிலையங்கள் இரவில் கேட்பது இதனால்தான். ஆனால் தண்டை எப்படித் திருப்பினாலும் மௌனம் கிடைக்காது. திசை காண்போர் இதை ‘இரவு விளைவு’ என்பார்கள். ஆகையால் ஞாயிறு காலையிலேயே ஓசூர் வேலையை முடித்துக்கொண்டு தளிப் பேருந்தைப் பிடித்துவிடுங்கள். வெயில் சாய்வதற்குள் இரண்டாவது கோடும் கையில் இருக்கும்.