நெற்றிச் சூடும் நெஞ்சுக் குழியும்

மார்கழிப் பனி தொடங்கிவிட்டால், ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில், கடப்பா சாலையும் திருப்பதி சாலையும் பிரியும் பூதலப்பட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் வருஷந்தோறும் ஒரே கதை, ஆட்கள் மட்டும் மாறி, மறுபடியும் நடக்கிறது. கிழவருக்கு ஜுரமும் இருமலும் கண்டால் முதல் நாள் மிளகுக் கஷாயம். மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய நாலு மாத்திரை. மூன்றாம் நாள் ஆர்.எம்.பி. என்று பலகை மாட்டிய, மருத்துவப் பட்டம் ஏதுமில்லாத ஒருவரிடம் இரண்டு ஊசியும் ஒரு செலைன் பாட்டிலும். நாலாம் நாள் உடம்பு தணிகிறது. ‘ஜுரம் விட்டுவிட்டது’ என்று வீடே நிம்மதி கொள்கிறது. ஐந்தாம் நாள் உதடு நீலம் பாரித்து, பேச்சுக் குழறி, ஆட்டோவில் சாய்த்துக்கொண்டு சித்தூருக்கு ஓடுகிறார்கள். பாராசிட்டமால் மாத்திரை சூட்டை இறக்குமேயன்றி நுரையீரலில் கட்டிய சீழை இறக்காது என்பதை அந்த வீட்டாருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

இப்படிச் சீழ் கட்டும் நிமோனியா என்பது முற்றிய சளியன்று. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் சீழும் நீரும் நிறைந்து, இரத்தத்திற்குப் பிராணவாயு சேரவிடாமல் செய்யும் வியாதி. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 7,40,000 பேரை இது கொண்டுபோயிற்று. வயோதிகர்களிடத்தில் இது ஜுரமே இல்லாமலும் வரும். நேற்றுவரை தெளிவாயிருந்த பாட்டி இன்று பேரனை அடையாளம் தெரியாமல் விழித்தால், அதை வயதின் கோளாறென்று ஒதுக்காமல் மூச்சைப் பார்க்க வேண்டும்.

மூச்சைப் பார்ப்பதற்கு டாக்டர் வேண்டியதில்லை, கடிகாரம் போதும். குழந்தை அழாமலும் பால் குடிக்காமலும் இருக்கும் வேளையில் சட்டையை மார்புக்கு மேல் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணுங்கள். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கும் சோம்பல் இங்கே ஆகாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலே அது வேகமான சுவாசம். மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்புக் கண்டாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டாலோ, எண்ணிக்கொண்டிருக்காமல் புறப்படுங்கள். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 30 என்பது அபாயக் கோடு. மறுபடியும் சொல்கிறேன்: நெற்றியைத் தொட்டு நோயை அளக்காதீர்கள், நெஞ்சைப் பாருங்கள்.

2021-இல் கொரோனா அச்சத்தோடு வாங்கிய ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் பேட்டரி கசிந்து அலமாரியில் கிடக்கிறது. அதற்குப் புது பேட்டரி போட்டு, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத, குளிராத விரலில் மாட்டி, எண் நிலைகொள்ளும்வரை பொறுத்துப் பாருங்கள். பிராணவாயு அளவு 94-க்குக் கீழே போனால் அன்றைக்கே டாக்டர். 90-க்குக் கீழே போனால் அந்த நிமிஷமே 108 ஆம்புலன்ஸ்.

அப்படி அழைக்கும்போது ‘ஜுரம்’ என்று சொல்லாமல் ‘மூச்சுத் திணறல்’ என்று சொல்லுங்கள். வண்டி தாமதமாகுமெனில், பிராணவாயு உள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுசெல்லுங்கள். நோய் முற்றியதும் ‘வேலூருக்கே போய்விடலாம்’ என்பது நம் ஜில்லாத் தமிழர்களுக்குப் பழகிய வார்த்தை. ஆனால் மூச்சு வாங்கும் ஆளைப் பிராணவாயு இல்லாத காரில் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவது துணிச்சலன்று, விபரீதம். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையென்றால் அஞ்சுகிறவர்களும் உண்டு. 2021 மே 10 இரவு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வர வேண்டிய ஆக்ஸிஜன் டாங்கர் தாமதித்ததில் அரசுக் கணக்கின்படியே 11 பேர் அங்கே மாண்டார்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆயினும் அதைச் சாக்காக்கி ஆர்.எம்.பி.யின் பெஞ்சில் இரண்டு நாள் படுத்திருப்பது யாருக்குத் தண்டனை?

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து சித்தூருக்கோ திருப்பதிக்கோ அனுப்பினால், வெறும் வாய்ச்சொல்லோடு கிளம்பாதீர்கள். பார்த்த நேரம், மூச்சின் எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, கொடுத்த மருந்தின் பெயரும் அளவும், அனுப்புவதற்கான காரணம் ஆகிய இவ்வளவும் எழுதி, கையொப்பமும் முத்திரையும் இட்ட பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ‘அங்கே போனால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்’ என்று தலையைத் திருப்பும் உத்தியோகஸ்தரிடம் சற்று அழுத்தமாகவே கேளுங்கள். அந்தச் சீட்டில்லாமல் போனால் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்லியாக வேண்டும்.

ஆரோக்யஸ்ரீ என்று 2007-இல் தொடங்கி, இப்போது டாக்டர் என்.டி.ஆர். வைத்ய சேவா என வழங்கும் திட்டத்தின் கீழ் சிகிச்சை பெற ரேஷன் கார்டும் ஆதாரும் வேண்டும். அவற்றைத் தேடிப் புறப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளி முன்னே போகட்டும், காகிதம் பின்னே வரட்டும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் அதற்கென்றே மித்ரா என்னும் உதவியாளர் அமர்ந்திருப்பார். அட்வான்ஸ் கட்டும் ஜன்னலுக்குப் போகுமுன் அவரைப் பாருங்கள். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் இந்தத் திட்டம் செல்லுமா என்பதை 104 உதவி எண்ணில் விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு நமக்குக் கிடைக்காது.

படுக்கை இல்லையென்று அவசர நோயாளியை அரசு மருத்துவமனை முதலுதவிகூடச் செய்யாமல் திருப்பியனுப்புவது, வாழும் உரிமையை மறுப்பதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுதிக் கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டுமென்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. குறையிருந்தால் முதலில் மருத்துவமனை சூப்பரின்டெண்டெண்டுக்கும், பிறகு மாவட்ட மருத்துவ, சுகாதார அலுவலருக்கும் எழுதுங்கள். அசையவில்லையெனில் திங்கட்கிழமை சித்தூர் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் வேதிகையில் மனுக் கொடுங்கள். தேதி, நேரம், வார்டு மூன்றும் மனுவில் இருக்கட்டும். பதிவு எண் உள்ள ரசீதைக் கையில் வாங்கிய பிறகே வரிசையை விட்டு நகருங்கள்.